நீதிமன்றத்துக்கும் ஓர் ஐந்தொகை வேண்டும்



ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது, வெளியில் நிற்கும் பாக்கி மொத்தம் நான்கு லட்சம் என்று கணக்குப்பிள்ளை சொன்னால் நாம் அத்தோடு விடுவதில்லை. ஒரு மாதப் பாக்கி எவ்வளவு, ஆறு மாதப் பாக்கி எவ்வளவு, மூன்று வருடம் தாண்டியது எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறோம். போன வாரம் சரக்கு எடுத்தவரின் பாக்கி வேறு. ஆளே ஊரைவிட்டுப் போய்விட்ட பாக்கி வேறு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொன்னால் அது கணக்காகாது.

நீதிமன்றங்களைப் பற்றி நாம் செய்தித்தாளில் படிப்பதோ பெரும்பாலும் மொத்தத் தொகை மட்டும்தான். மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் நாடு முழுவதும் நான்கு கோடிக்கு மேல் வழக்குகள் நிலுவை என்று படிக்கிறோம், பெருமூச்சு விடுகிறோம், அடுத்த பக்கம் புரட்டுகிறோம். பேரேடு பார்த்துப் பழகிய நாம் இந்தக் கணக்கையும் பேரேட்டுக் கண்ணோடு பார்த்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு காசோலையின் கதை

2014ஆம் ஆண்டு, துவரம் பருப்பு வாங்கிய வெளியூர் வியாபாரி ஒருவர் நமக்கு 1,80,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். கணக்கில் பணமில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்தது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, கெடு முடிந்து, வழக்குப் போட்டோம். காசோலை வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143ஆம் பிரிவு சொல்கிறது. நமது வழக்கு 2019இல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. கைக்கு வந்தது 1,20,000 ரூபாய். வட்டி கிடையாது.

கடைப் பழக்கத்தில் ஒவ்வொரு வாய்தாவையும் நாம் ஒரு சிட்டையில் குறித்து வைத்திருந்தோம். மொத்தம் 41 வாய்தா. சம்மன் சேராமல் தள்ளிப்போனது 9. எதிரி வராமல் போனது 11. நீதிபதி விடுப்பு, மாறுதல், பணியிடம் காலி என்று போனது 7. வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் போனது 4. நம் பக்கமே கணக்குப் புத்தகம் தயாராக இல்லாமல் வாய்தா கேட்டது 3. உண்மையில் வழக்கு ஓர் அடி நகர்ந்தது மீதமுள்ள 7 நாட்களில்தான்.

இந்தச் சிட்டையைக் கூட்டிப் பார்க்கும் வரை, "கோர்ட்டில் தாமதம்" என்று பொத்தாம்பொதுவாகத் திட்டிக்கொண்டிருந்தோம். கூட்டிய பிறகுதான் தெரிந்தது: நீதிபதி காரணமாகப் போனதைவிட, சம்மன் சேராமலும் எதிரி வராமலும் போன நாட்கள் இரண்டு மடங்குக்கு மேல். நோய் எங்கே என்று தெரியாமல் மருந்து கேட்டு என்ன பயன்?

ஒரு வாய்தாவின் விலை

பெங்களூரிலுள்ள தக்ஷ் என்ற அமைப்பு, நாட்டின் பல நீதிமன்றங்களுக்கு வந்த வழக்காடிகளை நேரில் கேட்டு 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டது. குற்றவியல் வழக்குக்காக வரும் ஒருவருக்கு, ஒரு நாள் வாய்தாவுக்குச் சராசரியாக 542 ரூபாய் கைச்செலவு, 902 ரூபாய் வருமான இழப்பு. சிவில் வழக்கில் இது 497 ரூபாயும் 844 ரூபாயும். வக்கீல் கட்டணம் இதில் சேராது.

காசோலை வழக்கு குற்றவியல் நடுவர் முன் நடப்பது. ஆகவே 542ம் 902ம் சேர்த்து ஒரு வாய்தாவுக்கு 1,444 ரூபாய். 41 வாய்தாவுக்கு 59,204 ரூபாய். சமரசத்தில் விட்டுக்கொடுத்தது 60,000. அப்படியானால் 1,80,000 ரூபாய் சரக்குக்கு நமக்கு மிஞ்சியது ஏறத்தாழ 60,800 ரூபாய். இதுதான் வழக்கில் "ஜெயித்த" கணக்கு.

இருப்பு மட்டும் பார்த்தால் போதாது

சட்ட ஆணையம் 2008இல் கொடுத்த 213ஆவது அறிக்கை, நாட்டில் 38 லட்சத்துக்கு மேல் காசோலை வழக்குகள் நிலுவை என்றது. 2019 டிசம்பர் 31 அன்று 35.16 லட்சம் நிலுவை என்று உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு சொன்னது. பதினொரு ஆண்டில் ஒன்றுமே நடக்கவில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. கிட்டங்கியில் போன சித்திரையிலும் நூறு மூட்டை, இந்தச் சித்திரையிலும் நூறு மூட்டை என்றால், சரக்கு அசையவே இல்லை என்று பொருளா? வந்தது எத்தனை, போனது எத்தனை, அடியில் கிடந்து புழுத்தது எத்தனை என்று பார்க்க வேண்டாமா?

அதைப் பார்க்க இப்போது வழி இருக்கிறது. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு என்ற இணையதளம் 2015 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதில் சேர்ந்தது. நம் மாவட்டத்தில் எத்தனை வழக்கு, அதில் ஓராண்டுக்கு உட்பட்டது எத்தனை, பத்தாண்டு தாண்டியது எத்தனை, மாதத்தில் புதிதாக வந்தது எத்தனை, பைசல் ஆனது எத்தனை என்று யாரும் காசில்லாமல் பார்க்கலாம். நம் வழக்கின் 16 எழுத்து எண்ணைக் கைப்பேசியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்பதும் தெரியும். வக்கீல் குமாஸ்தாவுக்கு நாலு முறை போன் போட வேண்டியதில்லை.

நீதிபதிகள் பக்கத்து நியாயத்தையும் இந்தக் கணக்கே சொல்கிறது. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் பரிந்துரைத்தது. 2025இல் வந்த இந்திய நீதி அறிக்கையின்படி இருப்பது சுமார் 15. மூன்று ஆள் தூக்கவேண்டிய சுமையை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, வண்டி ஏன் ஏறவில்லை என்று கேட்பது முறையல்ல.

கணக்கில் வராதவை

ஆனாலும் இந்தக் கணக்குகளில் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது, பைசல் எண்ணிக்கையை மட்டும் அளந்தால் சுலபமான வழக்குகள் முன்னே ஓடும். பழைய சிக்கலான வழக்கு அடியிலேயே கிடக்கும். வெளிநாட்டுக் கணக்குகளும் விதிவிலக்கல்ல. உலக வங்கியின் "தொழில் செய்வது எளிதா" அறிக்கை, இந்தியாவில் ஓர் ஒப்பந்த வழக்கு முடிய 1,445 நாள் ஆகும் என்று 2020ஆம் ஆண்டு பதிப்பில் சொன்னது. அது மும்பையையும் டெல்லியையும் மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. வேறு சில நாடுகளின் புள்ளிவிவரங்களில் முறைகேடு தெரியவந்ததால் அந்த அறிக்கையே 2021 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. தராசில் கை வைத்தால் எடை பொய்யாகும், கணக்கும் அப்படித்தான்.

இரண்டாவது, தீர்ப்பு வேறு, வசூல் வேறு. தீர்ப்பு பெற்ற பிறகும் அதை நிறைவேற்றித் தரச் சொல்லும் மனுக்கள் நாட்டில் 8.82 லட்சம் நிலுவையில் இருப்பதாக 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 86,000க்கு மேல். இவர்கள் அனைவரின் மூல வழக்கும் ஏட்டில் "பைசல்" என்றுதான் இருக்கும்!

மூன்றாவதுதான் பெரியது. நம்மிடம் சரக்கு எடுக்கும் பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்கு, ஓட்டல்காரர் ஒருவர் 12,000 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுக் கடையை மூடிப் போய்விட்டார். வழக்குப் போடலாமே என்றோம். "பன்னிரண்டாயிரத்துக்கு யார் அண்ணாச்சி கோர்ட்டுப் படி ஏறுவது? ஒத்தை ஆளாய்க் கடை பார்க்கிறேன். பத்து நாள் அடைத்தால் அந்தப் பணம் அதிலேயே போய்விடும்" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அவர் பெயர் எந்த நீதிமன்றப் பதிவேட்டிலும் இல்லை. தக்ஷ் கணக்கும் நீதிமன்றத்துக்கு வந்தவர்களைக் கேட்டது, வராதவரைக் கேட்கவில்லை. நிலுவை குறைந்துவிட்டது என்று யாராவது பெருமை சொன்னால், நீதி கிடைத்துக் குறைந்ததா, நம்பிக்கை போய்க் குறைந்ததா என்று நாம் கேட்டாக வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம், 17ஆவது பிரிவில், வழக்குப் புள்ளிவிவரங்களை மாதந்தோறும் புதுப்பித்து உயர் நீதிமன்ற இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் அந்த நீதிமன்றங்கள் 3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வழக்குகளுக்கு. நம் கடைக்காரர்களின் பாக்கி பெரும்பாலும் அதற்குக் கீழேதான். காசோலை வழக்குகளுக்கு ஓய்வு பெற்ற நீதிபதிகளைக் கொண்டு சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்க 2022இல் உச்ச நீதிமன்றம் தேர்ந்தெடுத்த ஐந்து மாநிலங்களிலும் தமிழ்நாடு இல்லை. கேட்கிறவனிடம் கணக்கு இருந்தால்தான் கேள்விக்கு மதிப்பு.

ஆகவே சங்கத்துக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது. வழக்குள்ள ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு வாய்தாச் சிட்டை வைக்கட்டும்: தேதி, என்ன நடந்தது, ஏன் தள்ளிப்போனது, செலவு எவ்வளவு. வழக்குப் போடாமல் கைவிட்ட பாக்கியையும் காரணத்தோடு தனிப் பக்கத்தில் எழுதட்டும். பெயர் வேண்டாம், தொகை போதும். ஆண்டுக்கு ஒருமுறை சங்கம் அதைத் தொகுத்து, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக் குழுவிடமும் மாவட்ட நீதிபதியிடமும் மரியாதையாகக் கொடுக்கட்டும். சம்மன் சேர்ப்பது தாமதம் என்றால் அதை மட்டும் கேட்போம். நம் தவறு என்றால் நாம் திருந்துவோம்.

கூடவே கெடு தவறாதிருப்போம். காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் அவகாசம். அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் வழக்கு. 2018 திருத்தத்தின்படி காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. நமக்கு 2014இல் அந்த வசதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது, வக்கீலிடம் கேளுங்கள்.

அந்த 41 வாய்தாச் சிட்டை இன்னும் நம் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது. சங்கம் கேட்டால் முதல் ஆளாகக் கொடுக்கத் தயார்.