காற்பந்து மேலாண்மைக் கணினி விளையாட்டில் இளம் ஆட்டக்காரரின் வளர்ச்சி: ஒரு விளக்கம்

காற்பந்து சார்ந்த கணினி விளையாட்டுகள் இருவகைப்படும். ஒன்றில், விளையாடுபவர் தம் விரலசைவால் திரையிலுள்ள ஆட்டக்காரனை ஓடவும் உதைக்கவும் செய்கின்றார். மற்றொன்றில் அவர் பந்தைத் தொடுவதே இல்லை. குழுவைத் தேர்தல், பயிற்சியை வகுத்தல், ஆட்டக்காரரை வாங்குதல், விற்றல், பதினாறு வயது இளைஞனைப் பொறுத்திருந்து வளர்த்தெடுத்தல் ஆகியனவே அவருடைய பணிகள். இவ்விரண்டாம் வகையுள் பரவலாக அறியப்பட்டது 'ஃபுட்பால் மேனேஜர்' என்னும் விளையாட்டாகும். இதன் முன்னோடியான 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' பால் காலியர், ஆலிவர் காலியர் என்னும் ஆங்கிலேய உடன்பிறந்தாரால் உருவாக்கப்பெற்று 1992இல் வெளிவந்தது. 2003இல் வெளியீட்டு நிறுவனத்தோடு கொண்ட உறவு முறிந்தபோது, பெயர் அந்நிறுவனத்திடமும் நிரல் உருவாக்கியவர்களிடமும் தங்கின. 2004 முதல் புதிய பெயரில் இவ்விளையாட்டு தொடர்கின்றது. ஓர் இளைஞனின் எதிர்காலத்தை இது எவ்வாறு அளக்கின்றது என்பதே நம் வினா. வகுப்பறையில் நாள்தோறும் இத்தகைய அளவீட்டைச் செய்வோர்க்கு இவ்வினா அயலானதன்று.

இரு எண்கள்

ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் வேகம், பந்தைக் கடத்துதல், மனவுறுதி போன்ற பல கூறுகள் 1 முதல் 20 வரையிலான எண்களால் குறிக்கப்படுகின்றன. இவற்றின் அடியில், விளையாடுபவர் கண்ணுக்குப் புலப்படாமல், 200 வரை செல்லும் வேறு இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று இப்போதைய திறன். மற்றொன்று அவன் எட்டக்கூடிய உச்சத் திறன். முன்னது ஏறவும் இறங்கவும் கூடியது. பின்னது விளையாட்டு தொடங்கும் நொடியில் முடிவாகிவிடுகின்றது. எத்துணைச் சிறந்த பயிற்றுநராலும் அதனை உயர்த்த இயலாது.

இப்போதைய திறனை ஒரு கைம்முதலாகக் கருதலாம். ஆடும் இடத்திற்கு ஏற்பச் சில கூறுகள் மிகுந்த விலை பெறுகின்றன. உச்சத்தை எட்டிவிட்ட ஒருவனுக்கு அத்தகைய கூறொன்றில் மேலும் பயிற்சி அளித்தால், வேறொன்று குறைந்தே தீரும்.

மிக இளையோர் சிலர்க்கு உச்சத் திறன் ஒரே எண்ணாக இடப்படுவதில்லை. ஒரு வரம்பே குறிக்கப்படுகின்றது. சான்றாக, 150 முதல் 180 வரை என்னும் வரம்பிலுள்ள இளைஞனுக்கு, ஒவ்வொரு முறை புதிதாக விளையாட்டைத் தொடங்கும்போதும் அவ்வரம்பினுள் ஏதோ ஓர் எண் குலுக்கலில் விழுவதுபோல் அமையும். அவன் ஒருமுறை உலகப் புகழ் பெறுவான். மறுமுறை நல்ல ஆட்டக்காரன் என்ற அளவோடு நின்றுவிடுவான். தாம் அறியாததை அறியாததாகவே விட்டுவைத்த இம்முறையை நாம் பாராட்டுகின்றோம்.

வளர்ப்பில் அடங்கியவை

உச்ச எண் உயர்ந்ததாக இருப்பதனால் மட்டும் எவனும் அதனை எட்டுவதில்லை. தொழில்நெறி, முன்னேற்ற வேட்கை ஆகிய மறைபண்புகள் குறைந்தவன் நல்ல பயிற்சிக் கூடத்திலும் தேங்கிவிடுகின்றான். பதினெட்டு வயதைக் கடந்தவனுக்குப் பயிற்சி மட்டும் போதாது; உண்மையான ஆட்டங்கள் வேண்டும். பெரிய கழகத்தின் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அவனை ஈராண்டுகள் அமர்த்தி வைப்பதைவிடச் சிறிய கழகமொன்றிற்கு இரவலாக அனுப்புவதே பல வேளைகளில் பயன் தருகின்றது. நீண்ட காயமும் வளர்ச்சியின் சிறந்த ஆண்டுகளைப் பறித்துவிடக்கூடும்.

இவற்றுள் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது மூத்தோர் வழிகாட்டல் ஆகும். தொடக்கத்தில் ஒரு மூத்தவர்க்கு ஓர் இளையவர் என இருந்த இம்முறை, 2018இல் வெளிவந்த பதிப்பு முதல் சிறு குழுக்களாக மாற்றியமைக்கப்பட்டது. இதில் கற்பிக்கப்படுவது உதைக்கும் கலையினும் மிகுதியாக மனப்பாங்கே. மூத்தவரின் தொழில்நெறி இளையவனிடம் படிகின்றது. அவருடைய சோம்பலும் அவ்வாறே படியும். அன்னம், ஆ முதலியன தொடங்கி நெய்யரி ஈறாக மாணாக்கரைத் தரம் பிரித்த நன்னூலார், அதே பொதுப்பாயிரத்தில் ஆசிரியரின் இயல்பையும் வகுத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

மதிப்பிடுவோர் யார்?

பயிற்றுநராக விளையாடுபவர் காண்பது மறைவெண்களை அன்று. உதவியாளர்கள் தரும் விண்மீன் குறியீடுகளையே காண்கின்றார். அவ்வுதவியாளரின் மதிப்பிடும் ஆற்றலுக்கே 1 முதல் 20 வரை ஓர் எண் உண்டு. அது குறைந்தால் மதிப்பீடும் பிழைபடும். மேலும், விண்மீன்கள் அக்கழகத்தின் பிற ஆட்டக்காரரோடு ஒப்பிட்டு இடப்படுபவை. சிறந்தோர் சிலரை விலைக்கு வாங்கிய மறுநாளே, எக்குற்றமும் செய்யாத இளைஞனின் விண்மீன்கள் குறைந்துவிடுகின்றன. நல்ல வகுப்பிற்கு மாற்றப்பட்டதனால் 'சுமாரானவன்' ஆகிவிட்ட மாணவனை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர்.

மறைவெண்களையும் மனிதரே இடுகின்றனர். பல நாடுகளில் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வாளர்கள் ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் எண் குறித்து அனுப்புகின்றனர். 2001இல் வெளிவந்த பதிப்பில், மில்வால் கழகத்தின் இளைஞரணியில் இருந்த செர்னோ சம்பா மிக உயர்ந்த உச்ச எண்ணைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது பதினாறு. திரையில் எண்ணற்றோர் அவரை வாங்கிக் கோல்களைக் குவித்தனர். மெய்யாழ்விலோ அவர் மில்வாலின் முதல் குழுவில் ஆடாமலேயே ஸ்பெயினின் காடிஸ் கழகத்திற்குச் சென்றார். பின்னர் இங்கிலாந்தின் பிளிமத், ஃபின்லாந்தின் ஹாகா எனப் பல கழகங்களில் ஆடினார். தாம் பிறந்த காம்பியா நாட்டின் தேசியக் குழுவிலும் இடம்பெற்றார். பதினாறு வயதில் இடப்பட்ட எண்ணை அளவுகோலாகக் கொள்வோர் இதனைத் தோல்வி என்பர். நாம் அவ்வாறு கூறத் துணியோம்.

உச்சத் திறன் மாறாதது என்பது ஒரு பதிப்பின் எல்லைக்குள் மட்டுமே உண்மை. அடுத்த பதிப்பைத் தயாரிக்கும்போது ஆய்வாளர் அவ்வெண்ணைத் திருத்துகின்றார். எதிர்பாராமல் மலர்ந்தவனுக்குக் கூட்டியும், தேங்கியவனுக்குக் குறைத்தும் எழுதுகின்றார். விளையாட்டினுள் இயற்கையின் விதிபோல் நிற்கும் அவ்வெண், விளையாட்டிற்கு வெளியே, நாளிட்டு எழுதப்பட்ட ஒருவருடைய கருத்தாகவே இருக்கின்றது.