ஈழவச் சிவனும் கிந்தனாரும்

திருவிதாங்கூரில், கோயிலுக்குள் கால் வைக்க உரிமையில்லாத ஈழவர் குலத்தில் பிறந்த நாராயண குரு, 1888 சிவராத்திரி இரவில், அருவிப்புறத்தில் நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். "உனக்கு ஏது அதிகாரம்?" என்று மேல்சாதிக்காரர்கள் பாய்ந்தார்கள். "நாம் பிரதிஷ்டை செய்தது ஈழவச் சிவனைத்தானே!" என்று குரு சொன்னதாக நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள்.

கேட்டவர்கள் வசமாக மாட்டிக்கொண்டார்கள். சிவனுக்குச் சாதி உண்டு என்றால், ஈழவச் சிவனைப் பற்றிப் பேச அவர்களுக்கு வேலையில்லை. இல்லை என்றால், கேள்வியே செல்லாது.

ரயிலில் உடன் வந்த ஒருவர் குருவிடம் சாதி கேட்ட கதையும் உண்டு. "பார்த்தால் தெரியவில்லையா?" "இல்லையே." "பார்த்தே தெரியாதது கேட்டால் மட்டும் எப்படித் தெரியும்?"

ஒடுக்கப்பட்டவர்களின் நகைச்சுவைக்கு வேறொரு முகமும் உண்டு. அதே காலத்தில் ரஷ்யாவின் ஜார் ஆட்சியில், வசிக்கும் இடத்துக்குக்கூடக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்த யூதர்களைப் பற்றி ஷோலெம் அலைக்கெம் இத்திஷ் மொழியில் கதைகள் எழுதினார். அவருடைய பால்காரர் தெவ்யே வறுமையிலும் கடவுளோடு வாதாடிக்கொண்டே வண்டி ஓட்டுவார். யூதர்களைப் போலத் தங்களையே கேலி செய்துகொள்பவர்கள் அரிது என்று 1905-இல் நகைச்சுவை பற்றிய தன் நூலில் ஃபிராய்ட் எழுதினார். குருவின் நகைச்சுவை அந்த வகை அல்ல. அது தன்னைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. கேட்டவரின் அளவுகோலை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. இவ்விரண்டில் இதுவே துணிச்சலானது.

இந்தத் துணிச்சலை மேடைக்கும் திரைக்கும் கொண்டுபோனவர், அன்று இதே திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலின் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யில் அவருடைய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம் வருகிறது. பாகவதர் போலவே நின்று, நந்தனார் சரித்திரத்தின் பாணியிலேயே கதை சொல்வார். கூட்டமும் பக்திக் கதை கேட்கும் தோரணையில் உட்கார்ந்திருக்கும். ஆனால் கதை வேறு. தில்லைக் கோயிலுக்குள் நுழைய, தீண்டாமைக்கு உள்ளான நந்தனார் தீயில் இறங்க வேண்டியிருந்தது. அதே நிலையில் பிறந்த கிந்தனுக்கு வேண்டியிருந்ததோ பள்ளிக்கூடம். ஊரில் அது கிடைக்காமல் அவன் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான். ரயில் ஓடும் ஓசையைக் கலைவாணர் பாட்டாகவே பாடிக் காட்டுவார். எல்லாச் சாதியாரும் அந்த வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கிந்தன் படித்து, கல்வி அதிகாரியாகவே ஊர் திரும்புகிறான். ஒருகாலத்தில் அவனை விரட்டிய வாத்தியார் இப்போது அவனுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.