சூடான காரும் குக்கர் மூடியும்!

கணவர் ஒரகடம் கம்பெனியில் ஷிப்டில் இருந்ததால், வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்கு, பிள்ளைகளோடு நானே பழைய காரை ஓட்டிப் போனேன். திரும்புகையில், ஓடும்போது ஒழுங்காக இருந்த சூட்டு முள், ஒரகடம் சந்திப்பில் லாரிகளுக்குப் பின் நின்றதும் ஏறியது.

வீட்டு வாசலில், பக்கத்து வீட்டு மாமா ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். 'ஐயோ, வேண்டாம் மாமா!' என்று கத்தி விட்டேன். பிரஷர் இறங்காத குக்கரைத் திறப்பது போலத்தானே அது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். என் சின்னவன் வேறு பக்கத்திலேயே நின்றான்.

நன்றாக ஆறிய பின் பார்த்தேன். கூலன்ட் சரியாகவே இருந்தது. ஓடினால் எதிர்க்காற்று, நின்றால் பேன்தானே காற்று? முந்தானையைச் செருகிக்கொண்டு, தள்ளி நின்று கவனித்தேன். ஏ.சி., போட்டும் பேன் சுழலவில்லை.

போனில் சொன்னேன். 'பியூசைப் பாரு' என்றார். எரிந்திருந்தது! அதே ஆம்பியரில் வேறு பியூஸ் போட்டதும், பேன் சுழன்றது.

மாமா இப்போது தன் ஸ்கூட்டரையும் என்னிடம் காட்டுகிறார்!

— ஒரு வாசகி, படப்பை.