காலி டம்ளரில் காபி

பிஞ்சுப் பருவம் – 9

எங்கள் காம்பவுண்டில் நான்காவது வீட்டுக் குட்டிக்குப் போன மாதம்தான் மூன்றரை வயது முடிந்தது. சாயங்காலமானால் வாசல்படியில் கடை போட்டுவிடுவாள். சரக்கு என்று பார்த்தால் ஒரு எவர்சில்வர் டம்ளர், டவரா, மூடி தொலைந்த பவுடர் டப்பா, கொஞ்சம் வேப்பங்கொட்டை. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போன என்னை அவள் விடவில்லை.

“பெரியம்மா, காபி குடிச்சிட்டுப் போங்க.”

உட்கார்ந்தேன். டப்பாவைச் சாய்த்து டம்ளரில் ஊற்றினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி, டவராவில் இரண்டு ஆற்று ஆற்றினாள். நீட்டும்போது, “சூடு, ஊதிக் குடிங்க” என்றாள். நான் மறந்துபோய் ஊதாமல் வாயில் வைத்துவிட்டேன். “ஐயோ, சுட்டுடுச்சா?” என்று பதறிக்கொண்டு வந்து என் உதட்டை ஊதிவிட்டாள். அப்புறம் காசுக்குக் கை நீட்டினாள். கீழே கிடந்ததில் மூன்று வேப்பங்கொட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, “சில்லறை” என்றாள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தாள்: “அவ சும்மா விளையாடிட்டு இருக்கா அக்கா. நீங்க உள்ள வாங்க.”

போன வாரம் குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் அந்தச் ‘சும்மா’வைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது.

டம்ளரில் காபி இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நிஜமாகவே தாகம் எடுத்தால் அம்மாவிடம்தான் ஓடுவாள். ஆனாலும் அது சுடும், ஊதித்தான் குடிக்கவேண்டும். கண்ணால் காணும் ஒன்றும், மனத்தால் வைத்துக்கொண்ட ஒன்றும் ஒரே நேரத்தில் அவளுக்குள் இருக்கின்றன, இரண்டும் குழம்பவில்லை. ஒன்றரை வயதில் அவளுக்கு இது இந்த அளவுக்குக் கைவந்திருக்காது. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-ல் விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டே காசநோயில் இறந்துவிட்டார், வயது 37. அந்த உரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை. அதுவரை குழந்தைக்குப் பொருளும் அதன் பெயரும் ஒட்டியே கிடக்கின்றன. குச்சி குதிரையாகும் இடத்தில்தான் பொருள் வேறு, அது குறிப்பது வேறு என்று முதன்முதலாகப் பிரிகிறது. எழுத்து கற்பதற்கான வேரும் இங்கேதான் இருக்கிறது என்று அவர் வேறோரிடத்தில் விளக்குகிறார். யோசித்துப் பாருங்கள்: ‘அ’ என்று நாம் போடும் சுழிக்கும் அந்த ஒலிக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. நாமாக ஒப்புக்கொண்டதுதான். வேப்பங்கொட்டையைக் காசு என்று ஒப்புக்கொண்ட குழந்தை, ஒரு சுழியை ‘அ’ என்று ஒப்புக்கொள்ள ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். கடைக்காரி தன் காபியைத் தான் குடிக்கவில்லை. தோழி ஒருத்தி டம்ளரைப் பிடுங்கியபோது வழக்கம்போல அழாமல், “வரிசையில வாங்க” என்றாள். வீட்டில் ஒரு நிமிடம் பொறுக்காத பிள்ளை, கடைக்காரியாக இருக்கும்போது பொறுக்கிறது. 1940-களில் மனுயிலென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் இதையே சோதித்துப் பார்த்தார். சிறு குழந்தைகளிடம் “அசையாமல் நில்” என்று வெறுமனே சொன்னபோது அவர்கள் நின்ற நேரத்தைவிட, “நீ காவல்காரன்” என்று சொல்லி, மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டில் சேர்த்தபோது மிகக் கூடுதலான நேரம் நின்றார்கள். அடக்கம் என்று நாம் அதட்டி வாங்கப் பார்ப்பதை விளையாட்டு கேட்காமலே கொடுக்கிறது.

இதெல்லாம் அழகாக இருக்கிறது, பிற்காலத்துக்கு உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஜமைக்காவைச் சொல்வேன்.

1986-87-ல் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், ஊட்டமில்லாமல் வயதுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகளை சாலி கிராந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழு தேர்ந்தெடுத்தது. எல்லாரும் 9 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இருந்தவர்கள். நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டு. ஒரு பிரிவுக்கு இரண்டும். கடைசிப் பிரிவுக்கு இரண்டும் கிடையாது. இப்படி 2 வருடம்.

விளையாட்டு என்றதும் பெரிதாக எதையும் நினைக்கவேண்டாம். உள்ளூர் சுகாதாரப் பணியாளர் ஒருவர் ஒரு பையோடு வீட்டுக்கு வருவார். பையில் இருப்பவை, வீட்டில் தூக்கிப்போடும் சாமான்களைக்கொண்டு கையால் செய்த பொம்மைகளும் சில படப் புத்தகங்களும். அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்து விளையாடுவார். ‘இதைச் செய், அதைச் செய்’ என்று அம்மாவுக்குப் பாடம் நடத்துவதல்ல வேலை. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பேசுவது, அது செய்ததைப் பாராட்டுவது, இதையெல்லாம் அம்மாவே செய்துபார்க்க வைப்பது. போகும்போது பொம்மைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போவார். அடுத்த முறை வரும்போது வேறு கொண்டுவருவார். அந்த ஒரு மணி நேரம் ஆரம்பம்தான். மீதி வாரம் முழுவதும் விளையாட்டு வீட்டிலேயே இருந்தது.

அந்தக் குழந்தைகளை ஆய்வாளர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். பாலால் முதலில் கிடைத்த பலன் நாளடைவில் மங்கிவிட்டது. விளையாட்டின் பலன் நின்றது. 22 வயதில் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். 2014-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கணக்கு இது. அவர்களிடம் மனச்சோர்வு குறைவு, அடிதடி குறைவு என்பதையும் அதே குழு முன்னரே பதிவுசெய்திருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் பாலை நிறுத்திவிடாதீர்கள். பசித்த வயிற்றோடு குழந்தை விளையாடாது. நம் மாநிலம் சோற்று விஷயத்தில் பெருமைப்படத் தக்கதைச் செய்திருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, அங்கன்வாடியில் சத்துமாவு, முட்டை என்று அது வளர்ந்தது. அங்கன்வாடிக்கென ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமும் இருக்கிறது. பெயரே நெஞ்சை நிறைக்கிறது. ஆனால் அதைச் செய்யவேண்டிய அக்காவின் மேசையைப் போய்ப் பாருங்கள். எடை எடுக்கவேண்டும், பதிவேடு எழுதவேண்டும், கைப்பேசியில் விவரம் ஏற்றவேண்டும், கணக்கெடுப்பு என்றால் தெருத்தெருவாகப் போகவேண்டும். ஆடுவதற்கும் பாடுவதற்கும் அவருக்கு நேரம் விட்டுவைத்தவர் யார்?

தனியார் பள்ளிகளின் கதை வேறு. என் மகளை மூன்றரை வயதில் எல்.கே.ஜி. சேர்த்தேன். இரண்டாவது வாரம் நான்கு கோட்டு நோட்டில் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம் வந்தது. ராத்திரி எட்டரை மணிக்கு அவள் கையைப் பிடித்து நான் எழுதவைத்தேன். கட்டைவிரல் சிவந்து, “அம்மா, வலிக்குது” என்றாள். “இன்னும் ஒரு வரிதான்” என்றேன். பள்ளியைக் குறை சொல்லும் முன் என்னைச் சொல்லவேண்டும். அப்போது எனக்குத் தெரியாதது இது: மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகத் தொடங்குகின்றன. கடைசி எலும்பு முறை வரும்போது குழந்தைக்கு ஏறக்குறைய பத்து வயதாகிவிடும். மூன்றரை வயதுக் கை, பென்சிலைப் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கான கை அல்ல. அது மாவு பிசைய, மண் அள்ள, தண்ணீர் ஊற்ற, மணி கோக்க வேண்டிய கை. நம் பாட்டிகள் பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக விரல் நுனியால் எடுத்துப் போட்டார்களே, பென்சில் பிடிக்கும் விரல்களும் அதே விரல்கள்தான். குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளினார்களே, அந்தக் கணக்கை எந்த நோட்டும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. (மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கொட்டையைத் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள், வாயில் போட்டுத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.)

கைப்பேசியைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதை மட்டும் சொல்கிறேன்: இரண்டு வயது நிரம்பும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. நடமாட்டமும் ஓட்டமும் மட்டும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைக்கிறது?

சேர்க்கைக் காலம் வரப்போகிறது. விண்ணப்பம் வாங்கப் போகும் பெற்றோர்கள் கம்ப்யூட்டர் லேப், ஸ்மார்ட் கிளாஸ் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறீர்கள். இந்த முறை மணல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எல்.கே.ஜி. பிள்ளைகள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அதில் இருப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த பள்ளிக்குப் போங்கள். அடுத்த பள்ளி உங்கள் தெரு அங்கன்வாடியாக இருந்தாலும் சரி, உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே ஆட்டமும் பாட்டமும் நடக்கவில்லை என்றால், ஏன் நடக்கவில்லை என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

(தொடரும்)