கடையில் இழுக்கும் ஒயரும், கடைப் பையன் உயிரும்



வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, ஐப்பசியில் தீபாவளி, தையில் முகூர்த்தங்கள் என்று நம் ஊரில் வியாபாரம் சூடு பிடிக்கும் போதெல்லாம் கடையில் மின்சார வேலையும் கூடுகிறது. பெயர்ப்பலகை மாட்டவும், அலமாரி பொருத்தவும் டிரில்லிங் மிஷின் வாடகைக்கு வருகிறது. பிளக் தூரத்தில் இருக்கிறதே என்று எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்கிறோம். வாசலில் சீரியல் விளக்குக்கு இன்னொரு ஒயர். பிள்ளையார்பாளையத்தில் மளிகைக் கடைக்கும் இதே கதைதான், பட்டுநூல் கடைக்கும் இதே கதைதான். அந்த ஒயரைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஈரமும் மின்சாரமும்

2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடை வாசலிலும் தண்ணீர் நிற்கிறது. தோல் உரிந்த ஒயர் அதில் கிடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே ஒயரைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டுங்கள். ஜங்ஷன் பாக்ஸை வாசலுக்கு வெளியே வைக்க வேண்டாம். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் மிஷினைத் தொட வேண்டாம்.

மூன்றாவது முள் எதற்கு?

பிளக்கில் மேலே உள்ள பெரிய முள் எர்த். மிஷினுக்குள் ஒயர் பழுதாகி மின்சாரம் இரும்பு உடலுக்கு வந்துவிட்டால், அது எர்த் வழியே பூமிக்குப் போகும், பியூஸும் போய்விடும். அந்த முள்ளை வெட்டிவிட்டால் மின்சாரம் போவதற்கு மிஷினைப் பிடித்திருப்பவர் உடல்தான் வழி. பிளக் இல்லாத ஒயரைச் சொருகித் தீக்குச்சியால் இறுக்குவதும் நம் பக்கத்தில் பழக்கம். அதில் எர்த்தே இல்லை. ஒயர் நழுவினால் தீப்பொறியும் வரும். சாக்கு மூட்டையும் அட்டைப் பெட்டியும் நிறைந்த கடையில் ஒரு பொறி போதாதா?

சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள மிஷின்களுக்கு மட்டும் இரட்டைப் பாதுகாப்பு உறை உண்டு. அவை எர்த் இல்லாமலே தயாரானவை. மற்றவற்றுக்கு மூன்று முள் பிளக்கும், மூன்று கோர் ஒயரும் கட்டாயம்.

பாரம் எவ்வளவு தாங்கும்?

கணக்கு நமக்குப் புதிதல்ல. 6 ஆம்பியர் பிளக்கை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். டீ போடும் மின்கெட்டில் ஒன்றே பெரும்பாலும் 1500 வாட். அதே பெட்டியில் டிரில்லிங் மிஷினையும் சொருகினால் ஒயர் சூடாகி உறை உருகும். டிரில்லிங் மிஷினுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் வாங்குங்கள். சுருட்டி வைத்த நிலையில் பயன்படுத்த வேண்டாம், சூடு வெளியேறாது. முழுதும் விரித்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். அறுந்த ஒயரை டேப் சுற்றி ஒட்டுப்போட வேண்டாம்.

உயிரைக் காக்கும் டிரிப்பர்

பியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியே கசிவது 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். நம் கல்லாவில் வரவும் செலவும் ஒத்துவராவிட்டால் கணக்கை நிறுத்திப் பார்ப்பது போலத்தான். தமிழ்நாட்டு மின்விநியோக விதித்தொகுப்பும் இதைப் பொருத்தச் சொல்கிறது. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

ஏணி வைக்கும் முன்

பெயர்ப்பலகை மாட்டும்போது மேலே நிமிர்ந்து பாருங்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். கம்பி அருகில் இருந்தால் இரும்பு ஏணி வேண்டவே வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஷாக் அடித்தால்

அடிபட்டவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை தெரிந்தவர் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யட்டும்.

வணிகர்களே, ஏணியில் ஏறுவது பெரும்பாலும் முதலாளி அல்ல. நம்மை நம்பி வந்த கடைப் பையன். தறியில் அமர்ந்து உழைக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளை அவன். காலையில் நம் கடைக்கு அனுப்பியவர்களிடம் மாலையில் அவனைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது நம் கடமை. நல்ல ஒயருக்கும் ஒரு டிரிப்பருக்கும் ஆகும் செலவை இந்த மாதமே கணக்கில் எழுதிவிடுவோம்.