மூச்சை இழுக்கும்போதும் விசில்

ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பழகிய காது எனக்கு. எதிரில் இருப்பவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பது முதலில் கேட்டுவிடும். எங்களோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் மாடி ஏறி வந்தால், மூச்சை விடும்போது மட்டுமல்ல, இழுக்கும்போதும் மெல்லிய விசில் சத்தம் வரும். "ஆஸ்துமாதான்மா" என்பார். இரண்டு ஆண்டுகளாக இன்ஹேலர். நெஞ்சு எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் சிடி ஸ்கேன்தான் காட்டிக்கொடுத்தது: மூச்சுக்குழாய்க்குள் கட்டி.

அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்பது அதன் பெயர். மூச்சுக்குழாயில் புற்றுநோய் வருவதே அரிது. வருவதில் இது முக்கியமான ஒரு வகை. குழாய்ச் சுவரில் சளி சுரக்கும் சுரப்பிகளிலிருந்து கிளம்புகிறது. புகைப்பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அண்ணன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? பெரியவர்களின் மூச்சுக்குழாய் சுமார் 2 செ.மீ. அகலம். அது 8 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்வரை, வேலை செய்யும்போதுகூடப் பெரிதாக இளைப்புத் தெரியாது. 5 மி.மீ. ஆனால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இளைக்கும். ஆஸ்துமா சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது, பல சுருதியில் வரும், மருந்துக்கு அடங்கும். பெரிய குழாயில் அடைப்பென்றால் ஒரே சுருதி, மருந்துக்கு அசையாது. மாதக்கணக்கில் இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லையா? குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். நிலையான அடைப்பு இருந்தால், வரைபடத்தின் மேலும் கீழும் தட்டையாகிப் பெட்டி போலத் தெரியும். எளிய சோதனைதான், ஆனால் பலருக்கு அது செய்யப்படுவதே இல்லை என்பது என் வருத்தம்.

பிறகு பிராங்கோஸ்கோப் விட்டுப் பார்த்து, ஒரு துணுக்குத் திசுவை எடுக்கிறார்கள். நுண்ணோக்கியில் இதன் தோற்றம் பெரும்பாலும் இடியாப்ப அச்சின் அடித்தட்டு மாதிரி, ஓட்டை ஓட்டையாக இருக்கும். செல்கள் பார்ப்பதற்குச் சாதுவானவை, அதுதான் ஏமாற்று. நரம்பைப் பிடித்துக்கொண்டு, சவ்வுக்கு அடியில் ஊர்ந்து போகும் குணம் இதற்கு. கண்ணுக்குத் தெரியும் கட்டியைவிடத் தெரியாதது நீளம். பல நோயாளிகளின் கட்டியில் எம்.ஒய்.பி., என்.எஃப்.ஐ.பி. என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை 2009-ல் கண்டுபிடித்தார்கள். சந்தேகமான திசுவை உறுதிசெய்ய அது உதவுகிறது.

முடிந்தால் அறுவை சிகிச்சை. குழாயில் ஏறத்தாழ பாதிவரைதான் வெட்டி இணைக்க முடியும். தையல் இழுபடாமலிருக்க, தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தைத்து, சுமார் ஒரு வாரம் தலையைக் குனிந்தபடியே வைத்திருப்பதும் உண்டு. ஓரங்களில் செல்கள் மிஞ்சுவது சகஜம் என்பதால் பெரும்பாலும் கதிர்வீச்சும் தருகிறார்கள்.

ஐந்து ஆண்டு கடந்தால் தப்பித்தோம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பத்து, பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் நுரையீரலில் தலைகாட்டலாம். அப்போதும் அது பெரும்பாலும் மெதுவாகவே வளரும். அதோடு பல ஆண்டுகள் வேலைக்குப் போய் வருபவர்களும் உண்டு.