அகன்ற பாதமும் இறுகிய காலணியும்

எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒருநாள் மேசைமேல் ஒரு துணிப்பை வைக்கப்பட்டது. உள்ளே பரிசோதனை அறிக்கைகளோ மருந்துச் சீட்டுகளோ இல்லை. ஒரு ஜோடி மிதிவண்டிக் காலணிகள் இருந்தன. வைத்தவர் நோயாளியின் மனைவி. நோயாளிக்கு வயது 48. ஆறு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். சர்க்கரையைக் கட்டுப்படுத்த நடக்கத் தொடங்கி, பிறகு ஓடப் பழகி, நீந்தவும் கற்று, இறுதியில் டிரையத்லான் போட்டிக்கே ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஆனால் மிதிவண்டியில் ஒரு மணி நேரம் சென்றதும் இரு பாதங்களிலும் விரல்களின் அடிப்பகுதி எரியத் தொடங்கியது. சற்று நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. அவருடைய தந்தையார் நீரிழிவினால் கால்விரல்களை இழந்தவர். எனவே அதே நோய் இவருக்கும் வந்துவிட்டது என்று வீட்டில் அனைவரும் முடிவு செய்துவிட்டனர். மிதிவண்டி மாடிப்படியின் கீழே முடங்கியது.

மனைவி மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தார். காலணியைக் கழற்றிய பத்து நிமிடங்களில் மரமரப்பு நீங்கிவிடுகிறது; ஓட்டக் காலணி அணிந்து ஓடும்போது அது வருவதே இல்லை. அதனால்தான் அவர் காலணியையே கொண்டுவந்தார். அன்று எங்களுக்குக் கிடைத்த தடயங்களுள் அதுவே தலையாயது.

10 கிராம் விசையுள்ள மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டுப் பார்த்தோம். கண்களை மூடியிருந்தும் ஒவ்வொரு தொடுதலையும் சரியாகச் சொன்னார். இசைக்கவையின் அதிர்வையும் பெருவிரலில் உணர்ந்தார். பாதத்தின் நாடித்துடிப்பு நன்றாக இருந்தது. பின்னர் ஒரு தாளின்மேல் அவரை நிற்க வைத்துப் பாதத்தின் வெளிக்கோட்டை வரைந்தோம். காலணியின் உள்ளிருந்த இன்சோலை எடுத்து அதன்மேல் வைத்தபோது, பாதத்தின் கோடு இருபுறமும் இன்சோலைத் தாண்டித் தெளிவாக வெளியே நின்றது. விடை தாளிலேயே இருந்தது.

ஏன் இந்தக் காலணி மட்டும் வருத்துகிறது?

டிரையத்லான் என்பது நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் இடைவெளியின்றி அடுத்தடுத்து வரும் போட்டி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக் தொலைவு என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 85 சுற்று வீதம் மிதிப்பவர், அந்த 40 கிலோமீட்டரில் ஒவ்வொரு காலாலும் ஏறத்தாழ 6,800 முறை பெடலை அழுத்துகிறார்.

ஓட்டக் காலணியின் அடிப்பகுதி வளையும், மேற்பகுதி நெகிழும். மிதிவண்டிக் காலணியோ இதற்கு நேர்மாறானது. காலின் விசை வீணாகாமல் பெடலைச் சேர வேண்டும் என்பதற்காக, அதன் அடிப்பகுதி கார்பன் இழையாலோ கடினமான நைலானாலோ வளையாதபடி செய்யப்படுகிறது. அடியில் பொருத்தப்படும் கிளீட் என்னும் கவ்வி, காலணியைப் பெடலோடு பிணைக்கிறது. ஆகவே ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இடம் மாறும் அழுத்தம், இங்கே முன்பாதத்தின் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுகிறது.

முன்பாதத்தில் ஐந்து நீள் எலும்புகளின் தலைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் இடையே, விரல்களுக்கு உணர்வளிக்கும் மெல்லிய நரம்புகள் செல்கின்றன. அகன்ற பாதத்தைக் குறுகிய காலணிக்குள் செலுத்தினால் எலும்புத் தலைகள் நெருங்கி நரம்புகளை நசுக்குகின்றன. முதலில் எரிச்சல், பிறகு மரமரப்பு. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் நரம்பைச் சூழ்ந்த திசு தடித்து, பெரும்பாலும் மூன்றாம் நான்காம் விரல்களுக்கிடையே, கூழாங்கல்லை மிதித்தாற்போன்ற வலி நிலைத்துவிடக்கூடும். பெருவிரல் மூட்டிலோ சிறுவிரல் மூட்டிலோ புடைப்பு உள்ளவர்களுக்குத் தொல்லை இன்னும் விரைவில் வரும்.

அகன்ற பாதம் ஒரு குறைபாடன்று என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் வாழ்நாள் முழுதும் வெறுங்காலுடன் நடந்தவர்களின் பாதங்களை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அவர்களுடைய பாதங்கள் காலணி அணிந்தோரின் பாதங்களைவிட அகன்றிருப்பதையும், நடக்கும்போது அழுத்தம் பாதமெங்கும் சீராகப் பரவுவதையும் கண்டது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதம் தன் இயல்பான அகலத்திலேயே இருக்கிறது. காலணியைத்தான் பாதத்துக்கேற்பத் தேட வேண்டும்.

நீளத்தைக் கூட்டினால் அகலம் கிடைக்குமா?

எங்கள் நோயாளியும் இந்தத் தவற்றைத்தான் செய்திருந்தார். அவருடைய பாத நீளத்துக்கு உரிய எண் 42. இறுக்கத்திற்கு அஞ்சி 44 வாங்கியிருந்தார். ஐரோப்பிய அளவில் ஓர் எண் கூடும்போது நீளம் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர் கூடுகிறது. அகலம் அதில் ஒரு சிறு பங்கே கூடுகிறது. விளைவாக, முன்புறம் வெற்றிடம். பக்கவாட்டில் பழைய இறுக்கம். குதிகால் ஒவ்வொரு மிதிப்பிலும் மேலெழுந்து உராய்கிறது. கிளீட் இருக்க வேண்டிய இடமும் விரல்களை நோக்கி முன்னே நகர்ந்துவிடுவதால், கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் கூடுதலாக உழைக்க நேர்கிறது. பெரிய எண் இதற்கு மாற்றாகாது. அகன்ற வடிவமே வேண்டும்.

காலணி எந்தக் கால்வடிவ அச்சின்மேல் தைக்கப்படுகிறதோ, அதைத் தொழிலில் லாஸ்ட் என்பர். அகலத்தைத் தீர்மானிப்பது அதுவே. ஷிமானோ, லேக், பாண்ட் முதலிய நிறுவனங்கள் சில மாதிரிகளை அகன்ற லாஸ்ட்டிலும் செய்கின்றன. பாண்ட் காலணிகளைச் சூடாக்கிப் பாதத்துக்கேற்பச் சற்று வடிவமைத்துக்கொள்ளவும் இயலும். இவற்றை நாங்கள் பரிந்துரையாகக் கூறவில்லை. கடையில் ‘அகன்ற வடிவம் உண்டா?’ என்று கேட்கலாம் என்பதற்காகவே குறிப்பிடுகிறோம். கார்பன் அடிப்பகுதியுள்ள காலணி பழகப் பழக விரிந்துவிடும் என்று விற்பனையாளர் கூறினால் அதை நம்பி வாங்க வேண்டாம். மேற்பகுதி சிறிது நெகிழலாம்; அடிப்பகுதி நெகிழாது.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

மாலையில் அளவெடுங்கள், பகல் முழுதும் நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். நெடுந்தொலைவுப் பயணத்திலும், வெயிலிலும் அவ்வாறே வீங்கும். தாளின்மேல் இரு கால்களிலும் எடையைச் சமமாக ஊன்றி நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வேறொருவர் வரையட்டும். நாமே குனிந்து வரைந்தால் எடை சாய்ந்து அளவு பிழையாகும். குதிகாலிலிருந்து நீண்ட விரலின் நுனிவரை நீளத்தையும், முன்பாதத்தின் மிக அகன்ற இடத்தையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய பாதத்தின் அளவைக் கொள்ளுங்கள்.

கடையில் இன்சோலை வெளியே எடுத்து, அதன்மேல் நின்று பாருங்கள். விரல்களோ முன்பாதமோ ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அக்காலணி உங்களுக்குரியதன்று. அணிந்த பின் விரல்களை மேலும் கீழும் அசைக்க முடிய வேண்டும். குதிகால் அசையக் கூடாது. சில நிமிடம் அணிந்திருந்து கழற்றியதும் தோலில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிரையத்லானுக்கென்றே செய்யப்படும் காலணிகளில் அகன்ற வெல்க்ரோ பட்டையும், குதிகாலில் பிடித்திழுக்க ஒரு வளையமும், நீர் வடியத் துளைகளும் இருக்கும். நீச்சல் முடிந்து ஈரக்காலோடு விரைவாக அணிவதற்கான ஏற்பாடு இது. பட்டை ஒன்றே இருந்தால் முன்பாதத்தையும் மேற்பாதத்தையும் தனித்தனியே தளர்த்த இயலாது. அகன்ற பாதமுடையோர் இரண்டு பட்டைகள் உள்ளதைத் தேர்ந்து, முன்பட்டையைத் தளர்வாகவும் மேற்பட்டையைப் பிடிப்பாகவும் வைப்பது நல்லது.

காலணி சரியாக இருந்தும் எரிச்சல் தொடர்ந்தால், கிளீட்டைச் சில மில்லிமீட்டர் குதிகாலை நோக்கிப் பின்னே நகர்த்திப் பாருங்கள். எலும்புத் தலைகளின் மேலுள்ள அழுத்தம் குறையும். தடித்த காலுறையைத் தவிர்த்து மெல்லிய காலுறை அணியுங்கள். புதிதாகத் தொடங்குவோருக்கு இன்னொன்றும் சொல்வோம்: கிளீட் காலணி கட்டாயமன்று. தட்டையான பெடலில் ஓட்டக் காலணியோடு மிதித்தே போட்டியை முடிக்கலாம். ஓட்டத்திற்குக் காலணி மாற்றும் நேரமும் மிச்சம்.

வலி இல்லையென்றால் நலமா?

இங்கே மற்றொருவரைப் பற்றியும் கூற வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. அவரும் நீரிழிவு உள்ளவர், மிதிவண்டியில் ஆர்வமுள்ளவர். புதிய காலணி மிகவும் சௌகரியமாக இருக்கிறது, சிறிதும் வலியில்லை என்றார். சிறுவிரலின் அடியில் புண் இருந்ததை அவருடைய மகளே முதலில் கண்டார், அதுவும் காலுறையில் படிந்த கறையைப் பார்த்து. பரிசோதித்தபோது, நைலான் இழையின் தொடுதல் பல இடங்களில் அவருக்குத் தெரியவில்லை. காலணி இறுக்கமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய நரம்பு உணர்விழந்திருந்தது. புண் ஆறுவதற்குப் பல வாரங்கள் ஆயின. விரல் தப்பியது, மகள் அன்றே அழைத்து வந்ததால்.

ஆகவே இரு நிலைகளையும் பிரித்தறிய வேண்டும். காலணி அணிந்தபோது மட்டும் வந்து, கழற்றியதும் சில நிமிடங்களில் நீங்கும் மரமரப்பு பெரும்பாலும் காலணியால் விளைவது. இரு பாதங்களிலும் ஒன்றுபோல் தோன்றி, இரவில் மிகுந்து, ஓய்விலும் நீடிப்பது நரம்பு பாதிப்பாக இருக்கலாம். அதற்கு நீரிழிவு மட்டுமே காரணம் என்றும் கொள்ளக் கூடாது. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோர் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து இத்தகைய மரமரப்பு வருவதுண்டு. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், எங்களிடம் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பாத உணர்வு குறைந்தவர்கள் ‘இறுக்கமாக இல்லை’ என்னும் தம் உணர்வை நம்பிக் காலணி வாங்கக் கூடாது; அளவையும் தாளையுமே நம்ப வேண்டும். அவர்கள் போட்டியின்போதும் வெறுங்காலுடன் ஓடுதல் ஆகாது. காலுறை அணியச் செலவாகும் சில நொடிகளைப் பொருட்படுத்த வேண்டாம். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் கொப்புளிக்கும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி முடிந்து வந்தவரின் பாதங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: அடிப்பாதம், விரலிடுக்குகள், குதிகால். சிவப்பு, கொப்புளம், புதிய காய்ப்பு, காலுறையில் கறை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள். புண், சீழ், வீக்கம், நிறமாற்றம் இருந்தால் மறுநாள்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள்.

துணிப்பையோடு வந்தவர்களின் கதை நன்றாகவே முடிந்தது. அகன்ற லாஸ்ட்டில் செய்த 42 எண் காலணி ஒன்றைத் தேடி வாங்கினர். கிளீட்டைப் பின்னே நகர்த்தினர். மூன்று மாதங்களுக்குப் பின் மீளாய்வுக்கு வந்தபோது, 40 கிலோமீட்டரை எரிச்சலின்றி முடித்ததாகக் கூறினார். சர்க்கரை அளவும் கட்டுக்குள் இருந்தது. பாதங்களை மீண்டும் பரிசோதித்தோம். ஆண்டுதோறும் வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினோம். காலணி சரியாகிவிட்டாலும் நீரிழிவு அவரோடுதான் இருக்கிறது.

அடுத்த முறை பாத வலியோ மரமரப்போ சொல்லி எங்களிடம் வரும்போது, நீங்கள் வழக்கமாக அணியும் காலணியையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.

(நோயாளிகளின் அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)